கையெழுத்து கைநாட்டாக மாறிய மாதம்

பெங்களூரு அல்சூரில் ஒரு வங்கிக் கிளையின் பென்ஷன் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம் பக்கத்திலேயே இருப்பதால், மாதத்தின் முதல் வாரத்தில் எங்கள் வரிசையில் தமிழ்ப் படைவீரர்களும் அவர்களை இழந்த மனைவியரும் நிறையவே நிற்பார்கள். அவர்களில் ஓர் அம்மா தனியாக ஆட்டோவில் வருவார். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டு, யார் அவசரப்படுத்தினாலும் பொருட்படுத்தாமல், தம் பெயரைத் தமிழில் ஓர் எழுத்து விடாமல் எழுதிக் கையெழுத்திடுவார். ஒரு மாதம் அவருக்குப் பதிலாக மகன் வந்தார். அவர் நீட்டிய வித்டிராயல் ஃபாரத்தில் கையெழுத்துக்குரிய இடத்தில் கைநாட்டு இருந்தது.

உடல்நலம் குன்றி வங்கிக்கு வர முடியாத கணக்குதாரர் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க விதிமுறையில் இடம் உண்டு. ஆனால் இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கும் என்பதை வங்கியில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். தெரிந்த குடும்பம், பழைய கணக்கு, பின்னால் நீளும் வரிசை என்று எல்லாம் சேர்ந்து, பார்க்காத கைநாட்டுக்குச் சாட்சிக் கையெழுத்து விழுந்துவிடும். அன்று விழுந்தது என்னுடைய கையெழுத்து. அடுத்தடுத்த மாதங்களிலும் அதுவேதான்.

நவம்பர் வந்தால், பென்ஷன் வாங்குபவர் உயிருடன் இருப்பதைக் காட்டும் லைஃப் சர்டிஃபிகேட்டுக்காக ஆளை நேரில் கொண்டுவருவார்கள். அந்த அம்மாவை நைட்டியின் மேல் சால்வையைப் போர்த்தி அழைத்துவந்தார்கள். கண்ணாடியில் ஒரு பக்கச் சில் இல்லை. கைரேகைக் கருவியில் விரலை வைக்கப் பிடித்தபோது, பல மாதங்களாக வெட்டப்படாத நகங்கள் உள்பக்கம் வளைந்திருந்ததைப் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களாம்மா, நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் மகன், "அவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல மேடம், எதுவானாலும் என்கிட்ட கேளுங்க" என்றார். கருவி ரேகையை ஏற்றுக்கொண்டது, நானும் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டேன். அதற்கடுத்த நவம்பரில் அவரை யாரும் அழைத்துவரவில்லை, அழைத்துவர அவர் இருக்கவுமில்லை.

முதியோர் கொடுமையைப் பற்றிப் பேசும்போது, "அவங்களே புகார் சொல்லலையே, நாம எப்படித் தலையிடுவது" என்று பலர் சொல்வதைக் கேட்கிறேன். இதை நான் ஏற்கவில்லை. அடிப்பவரோ பணத்தைப் பறிப்பவரோதான் இரவு கஞ்சி கொடுக்க வேண்டியவரும், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போக வேண்டியவரும் என்றால், அந்த மனிதர் யாரிடம் புகார் சொல்வார்? பெற்ற பிள்ளையைக் காவல் நிலையத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப்போக அவருக்கு வேறு வீடு ஏது? அறுபது வயதைக் கடந்தவர்களில் ஆறு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோவொரு கொடுமைக்கு ஆளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. வரிசையில் நின்றவர்களை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் தூக்கம் வராது. ஆகவே பார்க்க வேண்டியவர் மூன்றாம் மனிதர்தான்: கவுன்டரில் இருப்பவர், மருந்துக்கடைக்காரர், வீட்டு வேலைக்கு வரும் பெண், பிசியோதெரபிஸ்ட், எதிர்வீட்டுக்காரர்.

எதைப் பார்ப்பது? காயத்தை மட்டும் தேடினால் ஏமாந்துபோவோம். வயதானவர்களின் தோல் இலேசான இடியிலேயே கன்றிப்போகும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு இன்னும் எளிதாக. ஆனால் மேல்கையின் உள்பக்கத்தில் விரல் பதிந்ததைப் போன்ற தடங்களும், இரண்டு மணிக்கட்டிலும் ஒரேமாதிரியான கன்றலும் கதவில் இடித்ததால் வருபவை அல்ல. படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்காதபோது இடுப்பிலும் குதிகாலிலும் புண் வரும். பகலெல்லாம் அரைமயக்கத்தில் கிடப்பவருக்குத் தூக்க மாத்திரை யார் சொல்லிக் கொடுக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும். என் அனுபவத்தில் மிகத் தெளிவான அடையாளம் ஒன்றுதான்: அவரிடம் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் இன்னொருவர் பதில் சொல்வது. நான் செய்த தவறும் அங்கேதான். அந்தக் கேள்வியை மகனுக்கு எதிரில் கேட்டிருக்கவே கூடாது. ரேகை சரியாகப் பதியவில்லை என்று ஒரு பொய் சொல்லி, அவரை மட்டும் உள்ளே அழைத்து உட்காரவைத்திருக்கலாம்.

மறதிநோய் உள்ளவர் சாப்பிட்ட அரைமணி நேரத்தில் "எனக்குச் சோறே போடலை" என்பார். ஒரு வாக்கியத்தை வைத்து மருமகளைக் குற்றவாளியாக்குவதும் அநியாயம். அப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் ஒரே பெண் இரவும் பகலும் கண்விழித்து ஓய்ந்துபோயிருப்பார், மற்ற பிள்ளைகள் வீடியோ காலில் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். அங்கேயும் வெளியிலிருந்து ஒருவர் போய்ப் பார்ப்பது உதவிதான்.

"கேட்பதற்கு நான் யார்?" என்பவர்களுக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இளம் மனைவியருக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். மகனிடம் அடிவாங்கும் தாய்க்கும் அது பொருந்தும். அதன் 4-ஆவது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம், நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது வழக்குப் போட முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கு, அவர்கள் எந்த வயதினராக இருந்தாலும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, நிர்வாக நடுவரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் தரும் வழியைத் திறந்துவைத்திருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ், முதியவரால் இயலாதபோது அவர் அனுமதித்த வேறொருவரோ அமைப்போ விண்ணப்பிக்கலாம், தீர்ப்பாயம் தானாகவும் விசாரணைக்கு எடுக்கலாம். முதியவரைக் கைவிடுவது அச்சட்டப்படி மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

அதே 2007-இல்தான் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், முதியவரின் பணம் சுரண்டப்படுவதாகச் சந்தேகித்தால் உடனே தெரிவிப்பது வங்கி ஊழியரின் சட்டக் கடமையாகவே நடைமுறைக்கு வந்தது. இரண்டு வேலை நாட்களுக்குள் எழுத்திலும் தர வேண்டும். அந்தக் கடமை என் மேல் இருந்திருந்தால், கைநாட்டைப் பார்த்த அன்றைக்கே யாரோ ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார். வாடிக்கையாளர் ரகசியம் என்று சொல்லி நாங்கள் காப்பாற்றியது எங்களைத்தான்.

சட்டத்தைத் தேடிப் போக முடியாதவர்கள் தொலைபேசியில் தொடங்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண் நாடு முழுவதற்கும் கட்டணமின்றிக் காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது. பெங்களூரில் நகரக் காவல்துறையும் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட்டும் சேர்ந்து 2002-இல் தொடங்கிய 1090 இருக்கிறது. அந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் 112. கூப்பிடுபவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. தேதி, பார்த்தது, காதில் விழுந்தது, இவ்வளவையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு பேசினால் போதும்.

எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். காலையில் வீட்டார் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள். கோடையில் தண்ணீர் கேட்டுக் கதவைத் தட்டிய சத்தத்தை மூன்று நாட்கள் கேட்டேன், மூன்று தேதிகளையும் எழுதிவைத்தேன், நான்காம் நாள் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். இப்போது பகலில் ஒரு பெண் வந்து அவருடன் இருக்கிறார். யார் சொன்னது என்று வந்தவர்கள் சொல்லவில்லை, ஆனாலும் அந்த வீட்டு மருமகள் லிஃப்டில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.