புரோலாக்டின் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்
புரோலாக்டின் என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். "பிட்யூட்டரியில் புரோலாக்டின் சுரக்கும் கட்டி இருந்தால் கர்ப்பகாலத்தில் மாதாமாதம் புரோலாக்டின் பார்க்கணும், ஏறினால் கட்டி வளருதுன்னு அர்த்தம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. கட்டியே இல்லாத கர்ப்பிணிக்கும் புரோலாக்டின் 10 மடங்கு வரை ஏறும். பால் சுரக்க உடம்பு தயாராவதே அப்படித்தான். அந்தச் சோதனையால் பயம்தான் மிச்சம்.

கட்டி வளர்கிறதா என்று தெரிய, கவனிக்க வேண்டியது விடாத தலைவலியும் பார்வை மாற்றமும். அவை வந்தால் பார்வைப் புலச் சோதனை (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது), தேவைப்பட்டால் சாயம் செலுத்தாத எம்ஆர்ஐ. 10 மில்லிமீட்டருக்குக் குறைவான கட்டி என்றால் கர்ப்பம் உறுதியானதும் கட்டியைச் சுருக்கத் தரும் காபர்கோலின் மாத்திரையைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். அந்தச் சின்னக் கட்டி தொந்தரவு தரும் அளவுக்கு வளர்வது அபூர்வம். பெரிய கட்டி என்றால் கணக்கே வேறு: சிலருக்கு மாத்திரையைத் தொடர்வார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்வையைச் சோதிப்பார்கள். அதனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அப்புறம், தாய்ப்பால் கொடுப்பதால் கட்டி வளரும் என்பதும் சரியில்லை.