அவர் பாடி முடித்ததை நாம் பாதியில் நிறுத்தினோம்

பெரிய வியாழன் இரவு கோத்தகிரியில் எங்கள் ஆலயத்தில் நடந்ததைப் பற்றி ஏன் எதுவும் எழுதவில்லை என்று பலர் கேட்டுவிட்டீர்கள். பெரிய வெள்ளியன்று சபைக்குள் சச்சரவு வேண்டாம் என்றுதான் பொறுத்திருந்தேன். பண்டிகை முடிந்துவிட்டது, என் மனத்தாங்கல் முடியவில்லை.

திருவிருந்துக்குப் பின் 113 முதல் 118 வரை உள்ள சங்கீதங்களை வாசிக்கும்படி என்னிடம் கேட்டது சபைக் குழுதான். நானாகப் போய் ஒலிவாங்கியின் முன் நிற்கவில்லை. 114 முடிந்து 115ஐத் தொடங்க மூச்சு எடுத்தபோது, ஒருவர் என் முழங்கையைத் தொட்டு, "போதும்மா, நேரமாகிவிட்டது" என்றார். அதன்பின் ஈஸ்டர் ஏற்பாடுகளுக்கு நன்கொடை அளித்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது இருபது நிமிடம் நடந்தது. ஆறு சங்கீதங்களிலும் சேர்த்து 85 வசனங்கள். அதில் 17ஐ மட்டுமே சபை கேட்டது. மீதி 68 வசனங்களுக்கு நிதானமாக வாசித்தாலும் பத்து நிமிடம் போதும்.

நிறுத்தப்பட்ட இடம் எது என்று யாராவது யோசித்தீர்களா? யூத வீடுகளில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா இரவில் 113, 114 இரண்டையும் உணவுக்கு முன்பும், 115 முதல் 118 வரை உணவுக்குப் பின்பும் சொல்வது இன்றுவரை உள்ள வழக்கம். ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே இது பேசப்படுகிறது. "அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு, ஒலிவமலைக்குப் புறப்பட்டுப்போனார்கள்" என்று மத்தேயு 26:30இல் வாசிக்கிறோமே, அந்தப் பாட்டு இச்சங்கீதங்கள்தான் என்றே விளக்கவுரையாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அப்படியானால் பந்தி முடிந்து, யூதாஸ் போய்விட்ட பிறகு, கெத்செமனேக்குக் கிளம்பும் முன் ஆண்டவர் தம் வாயால் பாடிய பகுதியைத்தான் நாம் நேரமில்லை என்று விட்டுவிட்டோம். "இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு" என்பது 116இல் இருக்கிறது. "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்பது 118இல் இருக்கிறது. மறுநாள் சாகப் போகிறவர் அதைப் பாடினார் என்று நினைத்துப் பாருங்கள். அதைத்தான் நிறுத்தினோம்.

வயதானவர்கள் பனியில் வீடு திரும்ப வேண்டும், ஒன்பது மணிக்கு மேல் காட்டெருமையும் கரடியும் பாதைக்கு வந்துவிடும் என்று ஒரு சகோதரர் சொன்னார். நியாயமான கவலை. நானும் அதே பாதையில் கைவிளக்கோடு நடந்து போகிறவள்தான். ஆனால் பொன்னாடை போர்த்தும் இருபது நிமிடமும் அந்தக் கரடி எங்கே போயிருந்தது?

யூதச் சடங்கை ஆலயத்துக்குள் கொண்டுவருகிறேன் என்பது அடுத்த குற்றச்சாட்டு. நான் பஸ்கா மேசை போடவில்லை, கசப்பான கீரையோ புளிப்பில்லாத அப்பமோ எடுத்து வரவில்லை. அந்த இரவும் அதன் ஒழுங்கும் யூதக் குடும்பங்களுக்கு உரியவை. எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிக்கப்பட்ட பிறகே அந்த ஒழுங்கு இன்றைய வடிவத்தைப் பெற்றது. அதை நாம் எடுத்து நடித்துக்காட்டுவதை நானே விரும்பமாட்டேன். நான் வாசித்தது நம் வேதாகமத்தில், நம் தமிழில் உள்ள சங்கீதங்களை. யோவான் நற்செய்தியின்படி ஆண்டவரின் கடைசி இராவிருந்து பஸ்கா விருந்தே இல்லை என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். இருக்கட்டும். சங்கீதங்களை நிறுத்த அது காரணமாகாது. இன்றைய அரசியலை இதில் இழுப்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

ஆனால் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "ஆண்டவரைக் கொன்றவர்களின் பாட்டு நமக்கு எதற்கு" என்று எழுதினார். அதற்குப் பன்னிரண்டு பேர் கைகூப்பினார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் அன்றிரவு தூங்கவில்லை. இந்தப் பேச்சினால்தான் ஐரோப்பாவில் எத்தனையோ பெரிய வெள்ளிகளில் யூதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பயந்து கிடந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை தன் பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களை இழிவாகக் குறித்த சொல்லை 1959இல் நீக்கியது. இயேசுவின் பாடுகளின் பழியை யூதர் அனைவர்மேலும் சுமத்தக்கூடாது என்று 1965இல் அத்திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமே அறிவித்தது. அதெல்லாம் நம் மலைக்கு வந்து சேரவில்லையா? மறுநாள் மும்மணி தியானத்தில் "என் தேவனே, என் தேவனே" என்று சிலுவையில் அவர் சொன்ன நாலாம் வார்த்தைக்கு அழுதீர்களே, அது 22ஆம் சங்கீதம். "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31ஆம் சங்கீதம். அவை யாருடைய பாட்டு?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1973இல் தலைமன்னாரில் நாங்கள் கப்பல் ஏறியபோது எனக்கு ஏழு வயது. கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்கில் வேதாகமத்தைச் சுற்றி வைத்திருந்த பாட்டி, கப்பல் தளத்தில் அதைப் பிரித்து, கடல் கண்டு விலகி ஓடிற்று என்ற 114ஆம் சங்கீதத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கடல் விலகவில்லை, நான் வாந்தி எடுத்தேன். பாட்டி நிறுத்தவில்லை. என் வாயைத் துடைத்துவிட்டு 115க்குப் போனாள். இராமேஸ்வரம் வரும்போது 118இல் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று நாங்கள் எல்லோரும் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தோம். மண்டபம் முகாமில் இருந்து இந்த மலைக்கு வந்து, மறுபடியும் தேயிலையிலேயே நின்றபோதும் ஒவ்வொரு பெரிய வியாழனும் லயம் எனும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் அதே ஆறு சங்கீதங்கள்தான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில், பாட்டியின் கட்டைவிரலில் இருந்து ஏறிய கொழுந்துக் கறை இன்னும் பழுப்பாக இருக்கிறது. அன்றிரவு நான் வாசித்தது அந்த வேதாகமத்தில்தான். முழங்கையைத் தொட்டவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

வீட்டுக்கு வந்து மீதி 68 வசனங்களையும் சத்தமாக வாசித்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று மறுமொழி சொன்னார். அடுத்த ஆண்டு என்னை அழைக்க வேண்டாம். வேறு யாரையாவது நிறுத்துங்கள். 115இல் தொடங்கி 118 முடியும்வரை வாசிக்க விடுங்கள்.