கதவைப் பூட்டச் சொன்னவர்களுக்கு

நேற்று காலை, இங்கிலாந்தில் நாங்கள் இருக்கிற ஹல் நகரத்து வாட்ஸ்அப் குழு ஒன்றில் செய்தி ஒன்று சுற்றியது. "வால்டன் தெருவுக்கு ஃபேர்காரங்க வந்துட்டாங்க. சைக்கிளை வெளியில விடாதீங்க, பின்கதவைப் பூட்டிக்கோங்க." ஆண்டுதோறும் நடக்கிற 'ஹல் ஃபேர்' என்ற கேளிக்கைச் சந்தைக்கு ராட்டினம் போட வருகிற குடும்பங்களைத்தான் சொல்கிறார். கீழே வரிசையாக நன்றிகள், கைகூப்பிய பொம்மைகள். எழுதியவர் நல்ல மனிதர், எனக்கு வேண்டியவரும்கூட. ஆனாலும் படித்ததும் வயிறு எரிந்தது. நாம் இந்தத் தெருக்களுக்குக் குடிவந்த புதிதில் நம்மைப் பற்றியும் யாரோ யாரிடமோ இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

மாலை வேலை முடிந்ததும் வேண்டுமென்றே வால்டன் தெரு வழியாக நடந்தேன். தூறிக்கொண்டிருந்தது. வால்ட்ஸர் ராட்டினத்தின் இரும்புச் சட்டங்கள் மட்டும் தரையில் கிடந்தன. அறுபது தாண்டிய ஒருவர் ஈரத்தில் முழங்கால் ஊன்றி, சட்டத்தின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியது. மெல்லிய மரத்துண்டு ஒன்றைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து, சுத்தியலால் ஒரு தட்டு. மறுபடி ரசமட்டம். பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பேரன், மரத்துண்டுகளைத் தடிமன் வாரியாக அடுக்கி வைத்திருந்தான். தாத்தா கை நீட்டினால் போதும், கேட்காமலே சரியான துண்டு கைக்கு வந்தது. நான் நின்ற கால்மணி நேரத்தில் ஒரு மூலைதான் முடிந்தது. ஆட்கள் உட்கார்ந்து சுழலப்போகிற யந்திரம், ஒரு விரற்கடை சாய்ந்தாலும் ஆகாது என்றார். அவருடைய தாத்தாவும் ஹல் ஃபேரில் இதே மைதானத்தில்தான் ராட்டினம் போட்டாராம்.

இவர்களைப் போய் நாடோடிகள், ஊர்சுற்றிகள் என்கிறோம். நான் இந்தப் பதிவு எழுதுவதே அந்தச் சொல்லுக்காகத்தான். நாடோடிக்குப் போகிற இடம் நிச்சயமில்லை. இவர்களுக்கோ பஞ்சாங்கம் மாதிரி ஒரு நாள்கணக்கு இருக்கிறது. பிப்ரவரி 14 அன்று கிங்ஸ் லின் சந்தைச் சதுக்கத்தில் ஆண்டு தொடங்கும். கோடை முழுக்க ஊர் ஊராகப் போய், இலையுதிர் காலத்தில் நாட்டிங்ஹாம் கூஸ் ஃபேர், எங்கள் ஹல் என்று வந்து முடியும். இந்தக் கடைசிச் சுற்றை அவர்கள் 'பேக் எண்ட்' என்பார்கள். அதன்பின் பனிக்காலம் முழுதும், வண்டிகளை நிறுத்தித் தங்குகிற சொந்த யார்டில் பழுதுபார்ப்பு, பெயின்ட் வேலை. ஒரு சந்தையில் ஒரு குடும்பம் தொடர்ந்து கடை போட்டு வந்தால் அந்த இடம் அவர்களுக்கு உரிமை என்று அவர்களுடைய சங்கத்திலேயே விதி உண்டு. கோயில் திருவிழாவில் மண்டகப்படி உரிமை தலைமுறையாக வருகிற மாதிரி. ஹல் ஃபேருக்கு அரச சாசனம் கிடைத்தது 13ஆம் நூற்றாண்டில். இந்த ஊரில் வீடு வாங்கியிருக்கிற நம்மில் பலரையும்விட இவர்களுக்கு இந்த மண்ணோடு பழக்கம் அதிகம்.

கதவைப் பூட்டு என்கிற பேச்சும் புதிதல்ல. 1133 முதல் நடந்துவந்த லண்டன் பார்த்தலோமியோ சந்தையை 1855இல் மூடினார்கள். 1871இல் சட்டமே வந்தது. சில சந்தைகள் தேவையற்றவை, ஒழுக்கக்கேட்டுக்குக் காரணம் என்று அதன் முகவுரையிலேயே எழுதினார்கள். உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளோ சந்தையின் உரிமையாளரோ கேட்டுக்கொண்டு உள்துறை அமைச்சர் ஒப்புக்கொண்டால் ஒரு சந்தையையே ஒழித்துவிடலாம் என்று ஆனது. பிறகு கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் வண்டிவீடுகளுக்கு என்றே ஒரு மசோதாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வண்டியையும் பதிவு செய்ய வேண்டும், அதிகாரிகள் உள்ளே நுழைந்து சோதிக்கலாம். செங்கல் சூளைகளிலும் கால்வாய்ப் படகுகளிலும் இருந்த குழந்தைகளுக்காக உண்மையாகவே பாடுபட்டவர் அவர். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் ஒரு குடும்பம் படுத்துத் தூங்குகிற இடத்துக்குள் அதிகாரி நினைத்த நேரத்தில் நுழையலாம் என்றால், அதை வீடு என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றுதானே பொருள்? ராட்டினக்காரர்கள் 1889இல் வண்டியில் வாழ்வோர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி எதிர்த்தார்கள். மசோதா நிறைவேறவில்லை. அந்தச் சங்கம்தான் இன்றைய ஷோமென்ஸ் கில்ட் (ஷோமேன் என்றால் சந்தைகளில் ராட்டினமோ காட்சியோ நடத்துபவர்). மண்டகப்படி என்று சொன்னேனே, அந்த விதியைக் காப்பதும் அதுவே.

இந்த மக்கள் நாட்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள் கிங்ஸ் லின் போய் ஃபிரடெரிக் சாவேஜ் சிலையைப் பார்க்க வேண்டும். விவசாய யந்திரம் செய்துகொண்டிருந்தவர், நீராவியைக் குடைராட்டினத்தோடு பொருத்தினார். முன்பு ஆளோ குட்டிக்குதிரையோ சுற்றியதை யந்திரம் சுற்றியது. மரக்குதிரைகள் ஏறி இறங்கி ஓடுகிற 'கேலப்பர்ஸ்' பிறந்தது. (பிரிட்டன் ராட்டினங்கள் கடிகார முள் போகிற பக்கம் சுற்றும். குதிரையில் இடப்பக்கமாக ஏறுவதுதானே வழக்கம். அமெரிக்காவில் எதிர்ப்பக்கம்.) ஒரு கிராமத்துக்காரர் முதன்முதலில் மின்விளக்கைப் பார்த்தது பெரும்பாலும் சந்தையில்தான், ராட்டின வண்டியை இழுத்து வந்த நீராவி எஞ்சினின் டைனமோ புண்ணியத்தில். சினிமாவும் அப்படியே. ராண்டல் வில்லியம்ஸ் என்ற ஷோமேன் 1896 முடிவில் லண்டன் இஸ்லிங்டனில் படம் காட்டினார். பெரிய தியேட்டர்கள் வருவதற்கு முன்னால் பல ஆண்டுகள் ஏழைபாழைகளுக்குப் படம் காட்டியவர்கள் இவர்கள்.

சர்க்கஸும் இந்த மண்ணில் உருவானதே. பிலிப் ஆஸ்ட்லி குதிரைப்படை சார்ஜென்டாக இருந்தவர். 1768இல் லண்டன் லாம்பெத் பக்கம் ஒரு திடலில் வட்டம் போட்டுக் குதிரை வித்தை காட்டத் தொடங்கினார். வட்டத்தில் ஓடுகிற குதிரையின் மேல் நிற்பவனை, உள்ளே சாய்கிற உடம்பும் வெளியே தள்ளுகிற வேகமும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். செய்து பார்த்து அவர் கடைசியில் நிறுத்திய அளவு 42 அடி விட்டம். இன்றைக்கும் உலகம் முழுக்கச் சர்க்கஸ் வளையத்துக்கு அதுவே அளவு.

அந்த வளையத்துக்குள் யார் யாருக்கு இடம் கிடைத்தது தெரியுமா? நாரிச்சில் பிறந்த வில்லியம் டார்பி, கறுப்பினத்தவர். பாப்லோ ஃபான்க் என்று பெயர் வைத்துக்கொண்டு, விக்டோரியா ராணி காலத்தில் சொந்தமாகச் சர்க்கஸ் நடத்தினார். 1848இல் லீட்ஸில் பார்வையாளர் மாடம் சரிந்து விழுந்தபோது அவர் மனைவி சூசானா இறந்துபோனார். அதன்பிறகும் வருடக்கணக்காகக் கம்பெனியை நடத்தினார். 1871இல் இறந்தவரை லீட்ஸிலேயே மனைவி பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பின்னாளில் ஷோமென் சங்கத்துப் பாதிரியார் தாமஸ் ஹார்ன் அவரை நினைத்து எழுதும்போது, குதிரை வித்தைக்காரர்களின் சகோதரத்துவத்தில் நிறக்கோடு கிடையாது என்று எழுதினார்.

நம் ஆள் ஒருவரும் உண்டு. ஆங்கில விளம்பரத் தாள்களில் 'ராமோ சாமி'. நம் வாய்க்கு ராமசாமி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்து, பந்து வித்தையும் வாள் விழுங்கும் வித்தையும் காட்டி லண்டனையே வாய் பிளக்க வைத்தவர். 1850இல் இறந்தபோது அடக்கச் செலவுக்குக்கூடக் காசில்லை. அவர் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. அவரைப் பற்றிப் படித்த நாளிலிருந்து ராட்டினக்காரர்களை யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குத் தாங்குவதில்லை.

எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. நோயால் உருமாறிப்போன ஜோசஃப் மெரிக்கை 1884இல் ஒயிட்சேப்பல் கடை ஒன்றில் காசுக்குக் காட்டினார்கள். யானையையும் சிங்கத்தையும் கூண்டில் ஊர் ஊராக இழுத்தார்கள். சர்க்கஸில் காட்டு விலங்குகளைப் பயன்படுத்த இங்கிலாந்து 2020 ஜனவரியிலிருந்து தடை போட்டது. ரொம்பத் தாமதம். அந்த விஷயத்தில் சர்க்கஸ் பக்கம் நான் நிற்கவே மாட்டேன்.

ஆனால் அந்தப் பேரன் என்ன பாவம் செய்தான்? அவன் குளிர்காலத்தில் ஒரு பள்ளிக்கூடம் போகிறான். மற்ற மாதங்களில் அனுப்பிவைக்கிற பாடங்களை வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறான். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே வருகைப் பதிவேட்டில் தனிக் குறியீடு உண்டு, 'T' என்று. பனிக்காலத்துக்கு ஒரு யார்டு அமைக்க அனுமதி கேட்டால் அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் எழுதுகிறார்கள். ஃபேரில் டாஷிங் கார் ஓட்டி மகிழ்ந்த அதே குடும்பங்கள்தான்! ராட்டினக்காரர்கள் தொழில்குழு, இனக்குழு அல்ல என்பதால் சட்டம் தருகிற இனப் பாதுகாப்பும் இவர்களுக்கு எட்டுவதில்லை. ஸ்காட்லாந்து மட்டும் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'ஷோமேன், ஷோவுமன்' என்று டிக் செய்ய ஒரு கட்டம் கொடுத்தது. இங்கிலாந்துப் படிவத்தில் அது கிடையாது. கேட்டுப் பெற வேண்டியது அது, நானும் என் எம்.பி.க்கு எழுதப்போகிறேன்.

ரசமட்டக்காரரின் மனைவி வண்டி வாசலில் நின்றிருந்தார். மழையில் நிற்கிறேன் என்று உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன். அவர் வீட்டிலும் அதுதான் வழக்கம் என்றதும் எங்கள் வீட்டு நினைப்பு வந்தது. கண்ணாடி அலமாரியில் நீலமும் சிவப்பும் தங்கமும் கலந்த கிரௌன் டெர்பி தட்டுகள், மாமியார் கொடுத்தவையாம். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அத்தனையையும் துண்டில் சுற்றி வைத்து, வந்த ஊரில் மறுபடி அடுக்குகிறார். ஒன்றில்கூடக் கீறலில்லை.

வெள்ளிக்கிழமை மாலை திறக்கிறார்கள். பிள்ளைகளோடு ஆறு மணிக்கு அந்த வால்ட்ஸர் பக்கம் நிற்பேன். செய்தி அனுப்பிய நண்பரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.