துறைமுகம் யாருடைய கோட்டை?

தேர்தல் நெருங்கினாலே சென்னையின் துறைமுகம் சட்டமன்றத் தொகுதியைப் பற்றி விவாத மேடைகளில் ஒரு வரி வந்துவிடும்: "துறைமுகம் திமுகவின் கோட்டை, அது 2011இல் சரிந்தது." கலைஞர் இரண்டு முறையும் பேராசிரியர் அன்பழகன் மூன்று முறையும் வென்ற தொகுதி என்பதால் கேட்பவர்களுக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் 2006இல் வாக்களித்த துறைமுகமும் 2011இல் வாக்களித்த துறைமுகமும் ஒரே தொகுதி அல்ல. பெயர்தான் ஒன்று.

முதலில் வித்தியாசங்களைப் பாருங்கள். 1991இல் கலைஞர் இங்கே காங்கிரசின் க. சுப்புவை வென்றது 890 வாக்கில். 2001இல் அன்பழகன் வென்றது 336 வாக்கில். 2006இல் 410. நாலு தெரு மனசு மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். இதற்குக் கோட்டை என்று பெயர் வைத்தது தலைவர்களின் பெயரைப் பார்த்துத்தான், எண்ணைப் பார்த்து அல்ல.

இனி எல்லைக்கு வருவோம். 1977 முதல் 2006 வரை நடந்த எட்டு சட்டமன்றத் தேர்தல்களுக்கும் 1971 மக்கள்தொகைக் கணக்கில் வரைந்த எல்லைதான். அந்தக் கணக்கில் தமிழகம் சுமார் 4.12 கோடி. 234ஆல் வகுத்தால் தொகுதிக்கு 1.76 லட்சம் பேர். அன்றைய மெட்ராஸ் மாவட்டம் 24.7 லட்சம், ஆகவே 14 தொகுதி. 2001 கணக்கில் மாநிலம் 6.24 கோடி, தொகுதிக்கு 2.67 லட்சம். சென்னை 43.4 லட்சம், ஆகவே 16. தொகுதி மறுசீரமைப்புக்கான குல்தீப் சிங் ஆணையம் வரைந்து 2008இல் நடைமுறைக்கு வந்த எல்லை இதுதான். சட்டமன்றத்துக்கு முதலில் பயன்பட்டது 2011இல். வகுப்பது வாக்காளர் எண்ணிக்கையை வைத்து அல்ல, குழந்தைகளையும் சேர்த்த மக்கள்தொகையை வைத்து. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தொகுதிக்கு 2.67 லட்சம் பேர் என்றானபோது பழைய துறைமுகம் தனியாக நிற்க முடியாது. பக்கத்திலிருந்த பூங்கா நகர் தொகுதியைக் கலைத்து அதன் பெரும்பகுதியை இதில் சேர்த்தார்கள். 2006இல் மாநிலத்தில் திமுக ஆட்சியைப் பிடித்தபோதும் சென்னையின் 14இல் அதிமுக ஏழை வென்றது. அந்த ஏழில் பூங்கா நகரும் ஒன்று. 410 வாக்கில் தப்பிய ஒரு தொகுதியோடு அதிமுக வென்ற ஒரு தொகுதியின் பெரும்பகுதியைச் சேர்த்தால் என்ன வரும்? 2011இல் அதிமுகவின் பழ. கருப்பையா சுமார் இருபதாயிரம் வாக்கில் வென்றதில் அந்த ஆண்டின் அலைக்குப் பங்கு உண்டு. ஆனால் அலை வருவதற்கு முன்பே தரை மாறிவிட்டது. திமுக தலைமைக்கு இது புரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். மறுசீரமைப்புக்குப் பிறகு வந்த முதல் சட்டமன்றத் தேர்தலிலேயே கலைஞர் சேப்பாக்கத்தை விட்டுத் திருவாரூருக்கும், ஸ்டாலின் ஆயிரம் விளக்கை விட்டுக் கொளத்தூருக்கும், அன்பழகன் துறைமுகத்தை விட்டு வில்லிவாக்கத்துக்கும் போனார்கள். அன்பழகன் அங்கே தோற்றார்.

ஆகவே புதிய துறைமுகத்தின் வரலாறு 2011இல்தான் தொடங்குகிறது. 2016இல் திமுகவின் சேகர்பாபு 4,836 வாக்கில் வென்றார். 2021இல் பாஜகவின் வினோஜ் செல்வத்தை 27,274 வாக்கில் வென்றார். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். 336ஐயும் 27,274ஐயும் ஒரே அட்டவணையில் போடக் கூடாது. பெரம்பூரும் இப்படித்தான். 2006 வரை தனித் தொகுதி, இப்போது பொதுத் தொகுதி.

உண்மையாகவே ஒப்பிட விரும்புகிறவர்கள் படிவம் 20ஐ எடுங்கள். வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய வாக்கு அதில் இருக்கும். தமிழ்நாட்டில் 2001இலிருந்து எல்லாத் தொகுதியிலும் மின்னணு எந்திரம் என்பதால் அதற்குப் பிந்தைய சாவடி எண்களை நம்பலாம். வாக்குச்சீட்டுக் காலத்தில் சீட்டுகளைக் கலந்து எண்ணும் முறை இருந்தது, அதனால் தெரு அளவில் பழைய கணக்கைத் தேடிப் பயனில்லை. பல படிவங்கள் ஸ்கேன் செய்த படமாகவே கிடைக்கும், கையால்தான் தட்டச்ச வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் கூட்டி, அச்சிட்ட மொத்தத்தோடு சரிபாருங்கள். நோட்டா மொத்தத்தில் சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்பதில்தான் பெரும்பாலும் கணக்கு இடிக்கும். தபால் வாக்கு எந்தச் சாவடியிலும் வராது, கடைசியில் தனி வரியாக இருக்கும்.

பெரிய பொறி வேறு. சாவடி எண்ணை வைத்து 2016ஐயும் 2021ஐயும் பொருத்தாதீர்கள். கொரோனா காரணமாக 2021இல் ஒரு சாவடிக்கு 1,050 வாக்காளர் என்று வரம்பு வைத்ததால் ஏராளமான துணைச் சாவடிகள் முளைத்தன. 40ஆம் எண் சாவடி 40, 40அ என்று பிரிந்திருக்கும், அல்லது வரிசையே நகர்ந்திருக்கும். வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் அதில் அடங்கும் தெருக்கள் அச்சாகியிருக்கும். பள்ளிக்கூடத்தையும் தெருவையும் வைத்துப் பொருத்துங்கள். வார்டு எண்ணும் உதவாது. 2008 மறுசீரமைப்பு ஆணை பேசுவது 155 வார்டு இருந்த பழைய மாநகராட்சியை. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து வார்டு 200 ஆனது, எண்களெல்லாம் மாறிவிட்டன. அதனால்தான் திருவொற்றியூர்க்காரர் வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு, ஆனால் அவருடைய சட்டமன்றத் தொகுதி திருவள்ளூர் மாவட்டக் கணக்கில் வருகிறது.

எனக்கு இதில் உண்மையான கவலை ஒன்று உண்டு. ஜார்ஜ் டவுனில் வீடுகள் கிடங்காகவும் கடையாகவும் மாறிக்கொண்டே இருக்கின்றன, குடியிருப்பவர்கள் புறநகருக்குப் போகிறார்கள். 2021 பட்டியலில் சோழிங்கநல்லூர் வாக்காளர்கள் ஏழு லட்சத்தை நெருங்கினார்கள், துறைமுகம் இரண்டு லட்சத்துக்கும் கீழே. ஒருவருடைய வாக்குக்கு இன்னொருவருடைய வாக்கைவிட மூன்று மடங்குக்கு மேல் எடை இருப்பது நியாயமே இல்லை. அடுத்த மறுசீரமைப்பு எப்போது வந்தாலும் துறைமுகம் இன்றைய எல்லையில் நிற்காது. ராயபுரத்திலிருந்தோ எழும்பூரிலிருந்தோ சேப்பாக்கத்திலிருந்தோ ஒரு துண்டு வந்து சேரும், அல்லது இதுவே அவற்றில் ஒன்றோடு கரையும். அதற்கு முன்பே 2011, 2016, 2021 படிவங்களைத் தெருவாரியாகப் பொருத்தி வைத்துவிட்டால், புதிய எல்லை வெளியாகும் நாளிலேயே அதற்குள் பழைய வாக்கு எப்படி விழுந்திருந்தது என்று கூட்டிச் சொல்லிவிடலாம்.