நகம் கீறும் பலகைக்கு வைர டிஸ்க்காம்!

தீபாவளிக்குப் பெயின்ட் அடித்து முடித்த வீடு, தென்னாப்பிரிக்கா டர்பனின் சாட்ஸ்வர்த்தில். வேலை என்ன? ஒரே ஒரு பிளக் பெட்டிக்கு, ரெண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் போர்டு சுவரில் 100-க்கு 100 மில்லிமீட்டர் ஓட்டை. அதற்கு வேலைக்கு வந்த தம்பி பையிலிருந்து ஆங்கிள் கிரைண்டரை எடுக்கிறார் ஐயா! 115 மில்லிமீட்டர் வைர டிஸ்க்கோடு. கான்கிரீட் அறுக்கிற டிஸ்க்.

பத்து வரை போகும் மோஸ் கடின அளவில் ஜிப்சம் வெறும் 2. நம் விரல் நகமே அதைவிடக் கெட்டி. நகத்தால் சுரண்டினால் உதிர்கிற சாமானுக்கு நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று. பேஷ்.

போகட்டும், வட்ட டிஸ்க்கால் சதுர ஓட்டை எப்படி வரும்? 12.5 மில்லிமீட்டர் போர்டின் பின்பக்கத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் டிஸ்க்கை இறக்கி மூலை சேர அறுத்தால், முன்பக்கத்தில் கோடு மூலையைத் தாண்டி ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் ஓடியே தீரும். நாலு கோடு, ரெண்டு ரெண்டு நுனி, ஆக எட்டு வாலு. "கவர் மறைச்சிடும்ணே" என்கிறார். எந்தக் கவர் தம்பி? சாப்பாட்டுத் தட்டையா திருகப் போகிறாய்?

அப்புறம் அந்தத் தூசு. கூடத்தில் நின்றால் எதிர்ச்சுவர் தெரியவில்லை. வெளியே போகட்டும் என்று ஃபேனை வேறு போட்டுவிட்டார் மகராசன். வெளியே எங்கே போகிறது? நேரே சாமி ரூமுக்குள் போய், காமாட்சி விளக்கில் எண்ணெய் மேல் வெள்ளையாக ஆடை கட்டி உட்கார்ந்துவிட்டது. பிறகு வீட்டு வேக்குவத்தை இழுத்து வந்தார்கள். ஜிப்சம் பொடிக்கு அதன் ஃபில்டர் எம்மாத்திரம்? அடைத்துக்கொண்டு அதுவும் முனக ஆரம்பித்தது. போர்டுக்குப் பின்னால் வயர் ஓடுகிறதா என்றாவது பார்த்தாரா? வீட்டு மின்சாரப் பெட்டியில் மெயினை அணைத்தாரா? அவர் மெயினை அணைத்தால் கிரைண்டர் எப்படி ஓடும்!

இதே ஓட்டைக்குக் கூர்முனை வைத்த கைரம்பம் போதும். 150 மில்லிமீட்டர் பிளேடு, பெரிய பல். மட்டம் பார்த்துக் கோடு போடு, முனையை மூலையில் வைத்துப் பிடியை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டு, இறங்கிவிடும். பின்னால் வயர் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முனை ஆழமாகப் போகாமல் சின்னச் சின்னதாக இழு. பொடி நேரே கீழே விழும், ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்தால் முடிந்தது. மின்சாரமும் வேண்டாம்.

முழுப் போர்டு வெட்டும் கதையும் இதே லட்சணம்தான். இதற்கு, மழுங்கிய முனையை ஒடித்துப் புது முனை எடுக்கிற கத்தி, 18 மில்லிமீட்டர் அகலப் பிளேடு. 9 மில்லிமீட்டர் பிளேடு வளைந்து கோட்டை விட்டு ஓடும். முகப்புப் பக்கம் மேலே இருக்கட்டும், டி-ஸ்கொயரை, அதாவது T வடிவ அளவுகோலை, அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பு. காகிதமும் கொஞ்சம் ஜிப்சமும் வெட்டுப்பட்டால் போதும், ஆழம் தேவையே இல்லை. கோட்டுக்கு எதிர்ப்பக்கமாக மடக்கினால் படக்கென்று உடையும், பின்காகிதத்தை மடிப்போடு அறு.

ஆனால் முனை கூராக இருக்க வேண்டுமே! ஒரு பிளேடில் வழக்கமாக எட்டு முனை இருக்கும். நம்மவர்கள் முதல் முனையைத் துருப்பிடிக்கும்வரை வைத்திருப்பார்கள், சீதனமாக வந்ததைப் போல. மொட்டைப் பிளேடு காகிதத்தை வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த பிசிறு மேல் புட்டி பூசினால் கொப்புளம். அது பெயின்ட்டுக்கு அப்புறம்தான் தெரியும், அதற்குள் ஆள் காசை வாங்கிக்கொண்டு டோங்காட் ஊருக்குப் போயிருப்பார். தீ தாங்கும் போர்டு என்றால் உள்ளே கண்ணாடி இழை, முனையை இன்னும் சீக்கிரம் தின்னும். ஒடி அப்பா, ஒடி! ஒரு முனை என்ன பத்து ரேண்டா?

"மல்ட்டி டூல் வாங்கிடலாமே" என்பீர்கள். வாங்கலாம், அதிர்ந்து அறுக்கும், தூசும் கம்மிதான். பெட்டியைத் திறந்தால் வயர் நுனியில் ஐரோப்பாக்காரன் ரெண்டு முள் பிளக்! சுவரில் மூணு குண்டு ஓட்டை. அடாப்டர் தனியாக வாங்கணும். வீட்டில் இருந்த ஒன்றை ஏற்கெனவே கெட்டிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டர்பனில் விற்கிற சாமானுக்கு டர்பன் பிளக் வைத்தால் இவர்களுக்கு என்னய்யா குறைந்துவிடும்?