பகல் பதினோரு மணிக்கு அளந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்

ஆலையை ஒட்டிய குடியிருப்பிலிருந்து புகை, இரைச்சல், நாற்றம் என்று புகார் போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான். அதிகாரிகள் நல்ல வெயில் நேரத்தில் ஆய்வுக்கு வருவார்கள், கருவியை வைப்பார்கள், 'வரம்புக்குள் இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போவார்கள். கருவி பொய் சொல்லவில்லை. வந்த நேரம்தான் தப்பு.

வெயில் ஏறினால் தரை சூடாகிக் காற்று மேலே கிளம்பும், புகையும் கலைந்துபோகும். வானம் தெளிந்து காற்றசையாத இரவில் அப்படி இல்லை. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிட, மேலே சூடான அடுக்கு மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். தாழ்வாக வெளியேறும் புகை அதற்கடியிலேயே தேங்கும். உயரமான புகைபோக்கியின் புகையோ இரவெல்லாம் மேலே கலையாமல் மிதந்துவிட்டு, காலையில் தரை சூடானதும் மொத்தமாகக் கீழே இறங்கும். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் அது. 'புகைபோக்கியை உயர்த்திவிட்டோமே' என்பது அதனால்தான் பாதி பதில். 1930இல் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கிலும் 1948இல் அமெரிக்காவின் டொனோராவிலும் ஆலைப்புகை ஆட்களைக் கொன்றது இப்படித் தேங்கி நின்றதால்தான். அதிகாலை ஐந்திலிருந்து எட்டு மணிக்குள் அளக்கச் சொல்லி எழுத்திலேயே கேளுங்கள்.

அடுத்த கண்கட்டு, 24 மணி நேரச் சராசரி. காற்றில் நுண்துகள் இரண்டு மணி நேரம் கனமீட்டருக்கு 300 மைக்ரோகிராம், மீதி 22 மணி நேரம் 30 என்றால் சராசரி 52.5. அறிக்கையில் அந்த 52.5 மட்டும்தான் தெரியும். ஆஸ்துமாக்காரருக்கு வீசிங் வருவதோ அந்த இரண்டு மணி நேரத்தில். மணிவாரி அளவைக் கேட்டு வாங்குங்கள்.

இரைச்சலிலும் இதே கூத்து. வழக்கமாக எடுக்கும் 'ஏ' வகை டெசிபல் அளவு, அடித்தொனியை, அதாவது தாழ்ந்த உறுமல் சத்தத்தை, குறைத்தே கணக்கிடும். 63 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த தொனியில் ஏறத்தாழ 26 டெசிபல் கழிந்துவிடும். கம்ப்ரசர், பெரிய விசிறி, ஜெனரேட்டர் போடும் உறுமல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஜன்னலைச் சாத்தினால் மற்ற சத்தம் அடங்கி உறுமல்தான் எடுப்பாகக் கேட்கும். அடித்தொனியை அவ்வளவாகக் கழிக்காத 'சி' வகையிலும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் 20 டெசிபலோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தால், தூக்கத்தைக் கெடுப்பது அடித்தொனிதான் என்று வாதாடலாம்.

தூசி எங்கிருந்து வருகிறது என்று துப்புப் பார்க்க, மொட்டைமாடித் தூசியை வெள்ளைத்தாளில் தட்டி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். தூசி கூடவே ஊர்ந்தால் இரும்பு கலந்திருக்கிறது. உருக்காலை, வார்ப்படம், கிரைண்டிங் பக்கம் விசாரிக்கலாம். நிலக்கரிச் சாம்பலிலும் கொஞ்சம் இரும்பு இருக்கும் என்பதால் இதைத் துப்பு என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். விரலில் மைபோல இழுவினால் கரி. வெள்ளிச் சாமான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கறுத்தால் ஹைட்ரஜன் சல்பைடைச் சந்தேகிக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று நின்றுவிட்டதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள், மூக்கு பழகிப்போயிருக்கலாம். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவில் அந்த வாயு மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும்.

(சுற்றிலும் மரம் நட்டுவிட்டதாகப் படம் காட்டுவார்கள். இலை கொஞ்சம் தூசியைப் பிடிக்கும். வாயுவை அது பெரிதாகத் தடுக்காது.)

'எப்போதும் நாறுகிறது' என்ற புகாரை எந்த அதிகாரியும் இரண்டாம் முறை படிக்கமாட்டார். தேதி, தொடங்கிய மணி, நின்ற மணி, என்ன வாடை, காற்று எந்தத் திசையிலிருந்து என்று எழுதுங்கள். திசை பார்க்க மாடிக் கம்பியில் கட்டிய ரிப்பன் போதும். ஆலைக்கு நாலு பக்கமும் இருக்கும் வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமல் தனித்தனியாகக் குறிக்கட்டும். வாடை வராத நாட்களையும் விடாமல் எழுதவேண்டும். காற்றின் திசை மாறியபோது வாடை உங்கள் தெருவில் ஓய்ந்து எதிர்ப்பக்கத் தெருவில் தொடங்கியிருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்பதில் அப்புறம் யாரும் தகராறு பண்ண முடியாது.