“பேஷண்ட்தானேம்மா, அனுசரிச்சுப் போ”

நான் பிசியோதெரபிஸ்ட். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பேஷண்ட் வீட்டுக்கு ஹோம் விசிட். தோள்மூட்டு இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டருக்கு ஐந்தாவது நாள் பிசியோ. மனைவி கோயிலுக்குக் கிளம்பியதும் அந்த பேஷண்ட் எழுந்துபோய் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். “ஏசி வெளியே போகுது” என்றார். அடுத்த நிமிடம் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு, வலி குறைக்க மின்தூண்டல் தரும் டென்ஸ் மெஷினின் ஒயரைக்கூடச் சுருட்டாமல் பையில் திணித்துக்கொண்டு ஓடி வந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படியிறங்கினேன்.

கிளினிக் ஓனரிடம் சொன்னேன். “பேஷண்ட்தானேம்மா, அனுசரிச்சுப் போ. நம்ம ஸ்டாஃப்னா கேட்கலாம், வெளியாளை நான் என்ன கேட்கிறது?” என்றார். நானும் நம்பிவிட்டேன்.

அது பொய் என்று ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் 19ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலை செய்யும் இடத்தில் நம்மோடு தொடர்புக்கு வருகிற எல்லோரிடமிருந்தும் பாதுகாப்பு தர வேண்டியது முதலாளியின் கடமை. தப்பு செய்தது வெளியாள் என்றால், பாதிக்கப்பட்ட பெண் விரும்பும்போது போலீஸ் நடவடிக்கைக்கு வழி செய்வதும் அவர் கடமைதான். தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். வேலையாகப் போகிற வீடும் சட்டப்படி பணியிடம்.

இந்தச் சட்டம் பிறந்த கதையே வெளியாட்களைப் பற்றியதுதானே! ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி, 1992இல் தனக்கு நடந்த பாலியல் வன்முறைக்காகக் குற்றம் சாட்டியது ஊர்க்காரர்களை. கூட வேலை பார்த்தவர்களை இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் தந்த 1997 விசாகா தீர்ப்புக்கு வழிவிட்டது அந்த வழக்கு.

“நாங்க ஆறு பேர்தான், புகார் கமிட்டி எல்லாம் கிடையாது” என்பார்கள் சின்ன கிளினிக் ஓனர்கள். 10 பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்டத்தின் உள்ளூர் புகார் குழுவிடம் போகலாம். ஓனர் மேலேயே புகார் என்றாலும் அங்கேதான். 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் தரலாம். நான் தவறவிட்டது இந்தக் கணக்கைத்தான். ஆண் தெரபிஸ்டுகளுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை; அதுவும் பெரிய குறை.

போன வாரம் ஜூனியர் பெண் ஒருத்தி போன் செய்தாள். “அக்கா, எனக்கும் ஒரு பேஷண்ட்கிட்ட அப்படி நடந்து ரெண்டு மாசம் ஆயிடுச்சு, இனிமே புகார் எழுத முடியுமா?” அன்று ராத்திரியே வரச்சொன்னேன். தேதி, நேரம், அந்த ஆள் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அழுதுகொண்டே எழுதினாள். கடைசியில், அவள் ஓனர் பதிலுக்குச் சொன்னதையும் அப்படியே எழுதச் சொன்னேன்.